மிதித்தால் இழுக்காத பிக்கப்... டர்போவை மாற்றுவதற்கு முன் ஹோஸைத் தடவிப் பாருங்கள்!

‘‘செட்டிகுளம் பக்கமிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிப்போக, 2018-ம் ஆண்டு மாடல் டர்போ டீசல் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். காலியாக ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. லோடு ஏற்றி, லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால், கொஞ்சம் வேகமெடுத்துவிட்டு, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திடீரென்று இழுவை போய்விடுகிறது. கறுப்புப் புகை தள்ளுகிறது. மீட்டரில் இன்ஜின் லைட் எரிகிறது. ஓரங்கட்டி, சாவியை ஆஃப் செய்து மறுபடி போட்டால் சரியாகிவிடுகிறது. டீசல் ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டர் சர்வீஸ் செய்ததில் 11,000 ரூபாய் போய்விட்டது. இப்போது ‘டர்போ போயிடுச்சு, மாத்த 40,000 ரூபாய்க்கு மேல ஆகும்’ என்கிறார்கள். மாற்றலாமா?’’

- ஆலத்தூர் வட்டார விவசாயி ஒருவர், பெரம்பலூர் மாவட்டம்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டர்போ நிஜமாகவே போயிருக்கலாம். ஆனால், அதைச் சொல்வதற்குமுன் செய்யவேண்டிய சோதனைகள் எதையும் இந்த வண்டிக்குச் செய்ததாகத் தெரியவில்லை. கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. காலியாக ஓடும்போது குறை இல்லை, முழுசாக மிதிக்கும்போது மட்டும் வருகிறது, கறுப்புப் புகை, சாவியைத் திருப்பினால் சரியாகிறது. இந்த நான்கும் சேர்ந்தால், முதலில் தேடவேண்டியது காற்று எங்கே போகிறது என்பதைத்தான்.

டர்போ என்பது ஒன்றும் புது விஷயம் அல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஷி என்ற பொறியாளர், 1905-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சைலன்ஸர் வழியாக வீணாகப் போகும் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றவிடுவது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது, அவ்வளவுதான் டர்போ. தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அழுத்தியதில் காற்று சூடாகிவிடும் என்பதால், ரேடியேட்டர் போலவே இருக்கும் இன்டர்கூலர் வழியாக அனுப்பி, குளிரவைத்து இன்ஜினுக்குக் கொடுக்கிறார்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு ஹோஸ். இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கு இன்னொரு ஹோஸ். இரண்டும் ரப்பர்.

காற்று எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தால் விஷயம் எளிதாகப் புரியும். 1 லிட்டர் டீசல் ஒழுங்காக எரிய குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். ஊருக்குள் தண்ணீர் விற்க வரும் பெரிய டேங்கர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டீசல் அதிகமாகப் போகிறது. அதற்கு ஈடாகக் காற்று போகவில்லை என்றால், எரியாத டீசல் கரியாகிக் கறுப்புப் புகையாக வெளியே வருகிறது. கறுப்புப் புகையைப் பார்த்ததும் இன்ஜெக்டரைக் கழற்றுவது நம் ஊர் வழக்கம். டீசல் கூடிப்போனாலும் கறுப்புப் புகைதான், காற்று குறைந்துபோனாலும் கறுப்புப் புகைதான். இந்த விவசாயி 11,000 ரூபாய் செலவழித்தது முதல் காரணத்துக்காக. இரண்டாவதை யாரும் பார்க்கவில்லை.

சாவியை ஆஃப் செய்து போட்டால் சரியாவது ஏன்? வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர், ‘இந்த வேகத்துக்கு, இந்த மிதிக்கு இவ்வளவு காற்றழுத்தம் வரவேண்டும்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வரவேண்டிய அழுத்தம் சில விநாடிகளுக்குத் தொடர்ந்து வராவிட்டால் (அல்லது அளவுக்கு மீறி வந்தால்) இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக டீசலைக் குறைத்துவிடும். மெக்கானிக்குகள் இதை ‘லிம்ப் மோட்’ என்பார்கள். நொண்டியபடியாவது வீடு போய்ச் சேர் என்று அர்த்தம். சாவியைத் திருப்பினால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அடுத்தமுறை முழுசாக மிதிக்கும்வரை ஒன்றும் தெரியாது. கோளாறு மறைந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் லாரியை முந்தப்போனால், எதிரே பஸ் வரும் நேரத்தில்தான் இழுவை போகும். திருச்சி நாற்கரச் சாலையிலாவது நடுவில் தடுப்பு இருக்கிறது. சிமென்ட் லாரிகள் வரிசைகட்டிப் போகும் அரியலூர் பக்கத்துச் சாலைகளில் இது உயிர்ப் பிரச்னை. கோளாறு தீரும்வரை பாதி லோடு மட்டும் ஏற்ற வேண்டும். முந்தவே கூடாது.

கேள்வி கேட்ட விவசாயிக்கு இதையெல்லாம் சொல்லி, லாரி டர்போ பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் லோடோடு போகச் சொன்னதும் அவர் தயங்கினார். ‘‘வெங்காயம் பட்டறையில இருக்கு, வண்டியும் பட்டறையில இருந்தா எப்படிங்க?’’ என்றார். வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமித்துவைக்கும் கொட்டகைக்கும், வண்டி ரிப்பேர் செய்யும் இடத்துக்கும் பெரம்பலூர் மாவட்டத்தில் பெயர் ஒன்றுதான். கடைசியில் 24 மூட்டை வெங்காயத்தை ஏற்றிக்கொண்டே அரியலூருக்குப் போனார். லோடு இருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்கேனரை மாட்டி, கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த கோடைப் படித்து ஒரு அட்டையில் எழுதிவைத்தார். ‘பி0299’. டர்போ அழுத்தம் குறைவு என்பதற்கான எண் அது. ‘‘நீங்க இதுவரைக்கும் போன எடத்துல இதை யாராவது சொன்னாங்களா தம்பி?’’ என்று கேட்டார்.

‘‘மெஷின் மாட்டுனாங்கண்ணே. அழிச்சு விட்டுட்டேன், இனிமே லைட் எரியாதுன்னாங்க.’’

‘‘லைட்டைத்தான் அழிச்சிருக்காங்க’’ என்றார் அவர்.

எல்லா விவசாயிகளும் கவனிக்கவேண்டிய இடம் இது. கோடை அழிப்பதற்கு முன் அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் பதிவு அழிந்துபோகும். ‘பி0299’ என்றால் அழுத்தம் குறைவு. ‘பி0234’ என்றால் அழுத்தம் அளவுக்கு மீறிவிட்டது. ‘பி0087’ என்றால் டீசல் லைனில் அழுத்தம் போதவில்லை. மூன்றிலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றுதான்... மிதித்தால் இழுக்கவில்லை. ஆனால், மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அடுத்து, ஸ்கேனரைக் கழற்றாமலே மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுசாக மிதிக்கச் சொன்னார். இன்ஜின் 2,500 சுற்றைத் தொட்டபோது, கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் 220 கிலோ பாஸ்கல், கிடைத்தது 150. வெளிக்காற்றின் அழுத்தமே 100 அளவுக்கு இருக்கும். டர்போ வேலை செய்து கூடுதலாகத் தருவது அதற்கு மேல் வருவதுதான். அந்தக் கணக்கில், 120 வரவேண்டிய இடத்தில் 50 தான் வந்திருக்கிறது. அதே நேரத்தில் பானெட்டுக்குள்ளிருந்து ‘உஸ்ஸ்...’ என்று பஞ்சர் டியூபில் காற்று இறங்குவதுபோல் ஒரு சத்தம். விவசாயி அதைப் பல நாள்களாகக் கேட்டிருக்கிறார். டர்போ வண்டி என்றால் விசில் அடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, விட்டுவிட்டார்.

இதற்கு முன்பு பார்த்த இடங்களில் எல்லாம் வண்டியை நிறுத்திவைத்து, நியூட்ரலில் மிதித்துப் பார்த்திருக்கிறார்கள். லோடு இல்லாமல் வெறும் இன்ஜினைச் சுற்றவிட்டால் புகை வேகம் குறைவு, டர்போவும் பெரிதாக அழுத்தம் கொடுக்காது. அப்போது ஹோஸில் இருக்கும் கீறல் வாயை மூடிக்கொண்டு இருக்கும். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. எல்லா வால்வும் திறந்திருக்கும்போது பைப்பில் இருக்கும் நூலளவு வெட்டு கசியாது. நாலு வால்வை மூடி அழுத்தம் ஏறியதும் அதே வெட்டு பீய்ச்சி அடிக்கும். மோட்டாரை மாற்றினால் அது நிற்குமா?

வண்டியை நிழலில் விட்டு, இன்ஜின் ஆறியபிறகு ஹோஸ்களைக் கையால் தடவிப் பார்த்தார் மெக்கானிக். மேலே பார்க்க இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில் மட்டும் எண்ணெயும் தூசும் கலந்து கறுப்பாகப் பிசுக்கு. துடைத்துவிட்டு ஹோஸை வளைத்ததும் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. அந்த ஹோஸைப் பிடித்திருக்கவேண்டிய கிளிப் ஒன்றைக் காணோம். அதனால், இரும்புப் பட்டையில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. ஹோஸ், இரண்டு கிளிப், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். திரும்ப அதே சாலையில், அதே 24 மூட்டையோடு, அதே மூன்றாவது கியரில் போனபோது, கேட்டது 220, கிடைத்தது 215. புகை இல்லை.

சரியானதோடு அவர் விடவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டியதும் மாவுபோல வெள்ளைத் தூசு கொட்டியது. அரியலூர், பெரம்பலூர் நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம். சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள் வரக் காரணம். அதை வெட்டி ஏற்றிப்போகும் லாரிகள் கிளப்பும் தூசுதான் ஃபில்டரில் வந்து அடைகிறது. கம்பெனி புத்தகத்தில் ஃபில்டர் மாற்றச் சொல்லியிருக்கும் கிலோமீட்டர் கணக்கு சாதாரணச் சாலைக்கானது. தூசு அதிகமுள்ள பகுதிக்கு அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அதே புத்தகத்தில் இன்னொரு வரியும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. காகித ஃபில்டரை பஞ்சர் கடை கம்ப்ரசரில் முழு வேகத்தில் ஊதிச் சுத்தம் செய்வதும் தவறு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுந்து, அவற்றின் வழியே தூசு போய், டர்போ சக்கரத்தின் இறகுகளை அரம் போட்டதுபோல் தேய்க்கும். 11,000 ரூபாய் இன்ஜெக்டர் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள், சில நூறு ரூபாய் ஃபில்டருக்கு யோசிப்பது வேடிக்கைதான்.

கிழிந்த ஹோஸின் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பி கட்டுவதும் நம் ஊரில் உண்டு. சூடான, எண்ணெய் கலந்த காற்று பட்டால் அந்தக் கட்டு ஒரு லோடுக்குக்கூடத் தாங்காது. வழியில் கிழிந்துவிட்டால், மெதுவாக வீடுவரை ஓட்டிவர மட்டும் அது உதவும்.

இதை வைத்து, எல்லா வண்டியிலும் ஹோஸ்தான் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. புகையை முதலில் கவனிக்க வேண்டும். மிதிக்கும்போது பின்னால் வருகிற வண்டியில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். கறுப்பு என்றால் காற்றுப் பக்கம். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால், பெரும்பாலும் டீசல் போதுமான அளவுக்கு வரவில்லை. டீசல் ஃபில்டர் அடைப்பு, டேங்க் அடியில் இருக்கும் வலையில் அழுக்கு, லைனில் காற்று இழுப்பது இவையெல்லாம் மெதுவாக ஓடும்போது தெரியாது. முழுசாக மிதித்து, அதிக டீசல் கேட்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். கேனில், பேரலில் டீசல் வாங்கிவைத்து ஊற்றுபவர்களின் வண்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, சிறிது நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அப்போதுதான் டர்போ மீது முதல் சந்தேகம் வரவேண்டும். அது தவிர, இன்ஜின் சுற்று ஏறுகிறது, சத்தமும் ஏறுகிறது, வண்டி மட்டும் வேகமெடுக்கவில்லை என்றால், அதற்கும் டர்போவுக்கும் சம்பந்தமே இல்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது.

எலியையும் மறக்கக் கூடாது. பல டர்போக்களில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறிய ஆக்சுவேட்டர் இருக்கும். அதை இயக்குவது பென்சில் தடிமன்கூட இல்லாத வேக்கம் பைப். அறுவடை முடிந்த மக்காச்சோளக் கதிரைக் கொட்டிவைத்த கொட்டகையிலேயே வண்டியையும் நிறுத்துபவர்கள் பெரம்பலூரில் ஏராளம். கதிருக்கு வரும் எலி, இரவில் இன்ஜின் சூட்டுக்கு ஒதுங்கி, பைப்பையும் ஒயரையும் கடித்துவைக்கிறது. செந்துறை பக்கத்து விவசாயி ஒருவரின் டீசல் கார், ஒரே இரவில் இழுவையை இழந்துவிட்டது. விசில் இல்லை, பெரிய புகையும் இல்லை. மூன்று இடங்களில் காட்டி, இரண்டு சென்சார் மாற்றியபிறகுதான், வேக்கம் பைப்பில் இரண்டு பல் பதிந்த ஓட்டை கண்ணில் பட்டது. ஒரு முழம் பைப்புக்கு 60 ரூபாய். முந்தின நாள்வரை நன்றாக ஓடிய வண்டி, காலையில் எடுத்ததுமே இழுக்கவில்லை என்றால், பணம் செலவழிப்பதற்கு முன் டார்ச் அடித்து எலிப்புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சரி, டர்போ நிஜமாகவே போயிருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? இன்ஜின் நன்றாக ஆறியபிறகு, டர்போவுக்குக் காற்று வரும் பைப்பைக் கழற்றினால் உள்ளே சிறிய சக்கரம் தெரியும். அதன் நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து அசைக்க வேண்டும். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும், அது இயல்பு. தண்டை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. இறகுகளின் ஓரம் மழுங்கியோ, சுற்றுச்சுவரில் உரசிய தடமோ இருக்கக் கூடாது. பைப்புக்குள் லேசான எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டி, ‘டர்போ ஆயில் தள்ளுது’ என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. இன்ஜின் மூச்சு விடும் வழியாக வரும் ஆயில் ஆவி அங்கே படிவது வழக்கம்தான். கையில் வழிந்து ஓடும் அளவுக்கு ஆயில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் தானாக வேகமெடுக்கும் ஆபத்து இருக்கிறது. சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால், பிரேக்கை அழுத்திப் பிடித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அடக்க முயலவேண்டும். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். காற்று இழுக்கும் வாயில் கையை வைக்கவே கூடாது.

டர்போ மாற்றுவது என்று முடிவானால், பழையது ஏன் போனது என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஆயில்தான் காரணமாக இருக்கும். 1 லட்சம் சுற்று சுற்றும் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. ஆயில் மாற்றும் கெடு தாண்டினாலோ, மட்டமான ஆயில் ஊற்றினாலோ, டர்போவுக்கு ஆயில் போகும் சிறிய குழாயில் கரி அடைந்துவிடும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்யாமல் புது டர்போ மாட்டினால், அதுவும் சீக்கிரமே போகும். லோடோடு வேகமாக வந்து மார்க்கெட் வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாமல், ஒரு நிமிடமாவது ஐடிலில் விட்டு அணைப்பது, அந்தத் தண்டு சூட்டில் கருகாமல் இருக்கத்தான்.

இந்தக் கேள்வியோடு சேர்த்து, அரியலூர் மாவட்டம் திருமானூர் பகுதியிலிருந்து ஒரு பெண் விவசாயி, ‘‘எங்களுடையது பி.எஸ்-6 வண்டி. தினமும் வயலுக்கும் வீட்டுக்கும் 4 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. புதுசாக இருந்தும் இழுவை குறைந்து, மீட்டரில் ஏதோ சைலன்ஸர் படம்போல ஒரு விளக்கு எரிகிறது. என்ன செய்வது?’’ என்று கேட்டிருக்கிறார்.

இது வேறு கதை. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் டீசல் வண்டிகள் பி.எஸ்-6 விதிப்படி வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி, புகைக்குழாயில் இருக்கும். பிடித்த கரியை அவ்வப்போது வண்டியே சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர வண்டி தொடர்ந்து ஓட வேண்டும். 4 கிலோமீட்டரில் இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. கரி சேர்ந்துகொண்டே போய்ப் புகை வெளியேற வழி குறைந்தால், டர்போ சுற்றுவதும் குறையும், இழுவையும் குறையும். விளக்கு எரிய ஆரம்பித்ததும் நாற்கரச் சாலைக்குப் போய், வண்டியோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் வேகத்தில் 20 நிமிடம்போல நிறுத்தாமல் ஓட்டினால், பெரும்பாலும் அணைந்துவிடும். பாதியில் ஆஃப் செய்யக் கூடாது. விளக்கு மின்ன ஆரம்பித்தாலோ, இன்ஜின் லைட்டும் சேர்ந்து எரிந்தாலோ, ஓட்டிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மூலம் எரிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அரியலூர் சந்தைக்கோ, தஞ்சாவூருக்கோ போகிற வேலையை இந்த வண்டியில் வைத்துக்கொண்டால், பிரச்னை வராமலே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த எரிப்பு நடக்கும் நேரத்தில் புகைக்குழாய் மிகவும் சூடாக இருக்கும். காய்ந்த வைக்கோல், மக்காச்சோளத் தட்டை, கரும்புச் சோகை கிடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். அறுவடை நாளில் களத்துமேட்டில் வைக்கோல் மேலேயே ஏற்றி நிறுத்துவது நம் பக்கம் சர்வசாதாரணம். பி.எஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் டர்போ வண்டி வாங்கப் போகிறவர்கள் பலரும், ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஆலத்தூர் விவசாயியும் அப்படித்தான் வாங்கினார். விற்பவர் சம்மதித்தால் 20 மூட்டை ஏற்றி, இல்லாவிட்டால் ஏழெட்டு பேரையாவது பின்னால் ஏற்றாமல் மணல் மூட்டையாகவே போட்டு, நல்ல சாலையில் மூன்றாவது, நான்காவது கியரில் ஒருமுறை முழுசாக மிதித்துப் பார்க்க வேண்டும். போவதற்கு முன்பு இன்ஜின் லைட், சாவியை ஆன் செய்ததும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று கவனிக்க வேண்டும். ஆன் செய்தபோதே எரியவில்லை என்றால், பல்பையோ ஒயரையோ யாரோ கழற்றியிருக்கிறார்கள்.